கிண்ணத்தின் குறுக்கே இரண்டு குச்சிகள்

யூக்சிம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் வந்திருக்கிறாள். முகம் தெரிந்தது ஒன்றில்தான். ஹாங்காங் ஸ்டூடியோக்களில் அவள் கூட்டத்தில் ஒருத்தி. மீன் விற்பாள், கல்யாணத்தில் நிற்பாள், வெள்ளத்தில் சாவாள். படம் இல்லாத நாட்களில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள்.

1962இல் அமெரிக்கப் படக்குழு ஒன்று வந்தது. மகனை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேற்றிவிட்ட ஏழைத் தாய், ஒரே காட்சி. அதற்கு யூக்சிமைப் பிடித்தார்கள். அவளுடைய மகன் கின்போவும் அதே ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். ஐந்து மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை.

ஏழை வீடு என்று போட்ட செட்டில் பட்டுத் திரை, டிராகன் செதுக்கிய கட்டில், பன்னிரண்டு சிவப்பு விளக்குகள். கூட்டத்தில் நிற்க வந்த கிழவர் ஹிங் சுற்றிப் பார்த்தார்.

"இப்படி வீடு இருந்தா எவன் கப்பலேறுவான்? அமெரிக்காக்காரன்தான் இங்க குடிவரணும்."

யூக்சிம் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மயில் போட்ட பட்டு உடையை உடுத்திக்கொண்டாள். காட்சியில் புத்தாண்டுக்கு முந்தைய இரவுச் சாப்பாடு. ஊரில் இல்லாத மகனுக்கும் ஒரு கிண்ணம் சோறு. அது அவள் வீட்டு வழக்கமும்தான். சோற்றை வைத்து, சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் குறுக்கே படுக்க வைத்தாள்.

டைரக்டர் வந்து அவற்றை எடுத்துச் சோற்றில் செங்குத்தாக நட்டார். அவர் கண்ணுக்கு அது ஊதுபத்தி மாதிரி அழகாக இருந்தது. கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படி நடுவார்கள்.

யூக்சிம் பிடுங்கிப் படுக்க வைத்தாள். மொழிபெயர்க்கும் இளைஞன் மோக் ஓடிவந்தான்.

"சிம் அக்கா, நட்டு வச்சாத்தான் அவருக்கு அழகா இருக்காம்."

"சாவு வீட்டுலயும் எல்லாம் அழகாத்தான் இருக்கும்."

"நடிப்புதானேக்கா?"

"நடிப்புல நான் எத்தனையோ தடவை செத்திருக்கேன் தம்பி. என் கிண்ணம்னா இப்பவே நட்டுடறேன். இது என் பையனுக்கு வச்சது."

"படத்துல வர்ற பையனுக்குத்தானேக்கா."

"அவனும் கப்பலேறிப் போனவன்தானே."

"வேற ஆளைப் போட்டுருவாங்கக்கா."

"போடட்டும்." சொல்லிவிட்டுப் பட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

கூட்டத்திலிருந்து வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் இடுப்பு வலி என்றாள். அடுத்தவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணா அம்மாவா உக்கார்றேன், மீசையை எடுத்துட்டு," என்றார் ஹிங். "ஆனா குச்சியை மட்டும் நடமாட்டேன்."

கடைசியில் மோக் டைரக்டரிடம் விவரத்தைச் சொன்னான். அவர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு யூக்சிமைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு விளக்குகளும் அப்படியே எரிந்தன.

கின்போவின் கடிதம் அடுத்த மாதம் வந்தது. கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டி, எழுத முடியாமல் கிடந்திருக்கிறான். மறு வருஷம் அந்த ஊரிலேயே படத்தைப் பார்த்துவிட்டு எழுதினான்: "படத்துல ஒண்ணுமே நம்ம வீடு மாதிரி இல்லம்மா. கிண்ணத்தைப் பாத்ததும் மட்டும் பசிச்சுது."

யூக்சிம் இறந்தபோது அவன் விமானம் பிடித்து வந்தான். அம்மாவின் படத்துக்கு முன் சோற்றுக் கிண்ணத்தை வைத்து, பழக்கத்தில் குச்சிகளைக் குறுக்கே படுக்கவைத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே எடுத்து, ஒவ்வொன்றாக நட்டான்.