வெர்லின் மாமாவின் இருநூற்று முப்பது

இருநூற்று முப்பது கிரெயின் எடையுள்ள குண்டு மட்டும் இல்லாவிட்டால் சூரியன் உதிக்கவே வெட்கப்படும், அமெரிக்கா என்றைக்கோ கடலுக்குள் சரிந்திருக்கும். இது என் தாய்மாமன் வெர்லின் ஸ்ட்ராட்டின் கருத்து. நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு எரிவாயு லாரி ஓட்டுகிறவர். கைத்துப்பாக்கிக்கு எந்த எடைக் குண்டு பொருத்தம் என்று அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை. கேஸ் குழாயைப் பிடித்தபடி அவரே ஆரம்பித்துவிடுவார். இலேசான குண்டு வாங்குகிறவர்களை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதிரியார் ஒருமுறை நூற்றுப் பதினைந்து கிரெயின் பெட்டி வாங்கிவிட்டார் என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திய பக்திமான்.

எங்கள் துப்பாக்கி கிளப்பில், பந்தை உருட்டி விழவைக்கும் பவுலிங் கட்டைகளை மேசைமேல் நிறுத்திச் சுடுவார்கள். சாய்ந்தால் போதாது, மேசையை விட்டே விழ வேண்டும். கனத்த குண்டுக்காரர்களுக்குக் கட்டை முன்விளிம்பில் நிற்கும். இலேசான குண்டுக்காரர்களுக்குப் பின்விளிம்பில், இடித்தால் விழும்படி. அந்தப் பின்விளிம்பு மேசைக்கு மாமா வைத்த பெயர் 'தொட்டில்'. இந்த வசந்தத்தில் ஐந்து கட்டைகளையும் நேரத்துக்குள் தள்ளாதவர் தொட்டிலுக்குப் போக வேண்டும் என்று கிளப் முடிவு செய்தது. மாமாவுக்கு அதைவிடச் சாவு தேவலை.

அவருடைய வலது மணிக்கட்டோ வீங்கிக் கிடந்தது. ஊறுகாய்ப் புட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித்தான் திறக்கிறார். குண்டு கனத்தால் சுடும்போது கையில் விழும் உதையும் கனக்கும் என்பது ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஆகவே போட்டியன்று துப்பாக்கியின் மேகசினில் தோட்டா நிரப்பும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கண்ணில் படும் மேல் தோட்டா மட்டும் இருநூற்று முப்பது. அடியில் எல்லாம் நூற்று எண்பத்தைந்து. இரண்டும் அதே துப்பாக்கிக்கான கடைச் சரக்குதான்.

முதல் கட்டை பறந்தது. மற்ற நான்கும் சாப்பாட்டுக்குப் பிந்திய கிழவர்கள் மாதிரி மேசைமேலேயே படுத்துக்கொண்டன. ஒன்றை மறுபடி சுட்டார். அது அங்கேயே சுழன்று படுத்தது. நேரம் முடிந்த விசில் ஒலித்தது.

"என்ன வெர்லின், சுட்டியா, தூங்க வச்சியா?" என்றார் டெல்பர்ட். தொட்டில் மேசையின் நிரந்தரக் குடிமகன். "வாப்பா ராசா, ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்."

நடுவர் மாமாவின் பெயரைத் தொட்டில் பக்கம் மாற்றினார். மாமா துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, மிஞ்சிய தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்: நூற்று எண்பத்தைந்து. அதோடு என்னிடம் வந்தார்.

"எனக்குக் கை வலிக்குதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"கையா? சும்மா வெளையாட்டுக்கு மாமா. ஒங்க மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்னு."

"வெளையாட்டுன்னா மூஞ்சியப் பாத்திருப்ப. நீ இப்பவும் என் மணிக்கட்டத்தான் பாத்துக்கிட்டு நிக்கிற."