அந்தோனி மாமாவின் தகரம்

இறக்கக்கண்டியில் புயல் பறித்த கூரையொன்றுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் சத்தம் என்னை என் ஏழு வயதில் அடித்த புயலுக்குக் கொண்டுபோனது.

அன்று எங்கள் வளவுக்குள் ஒரு தகரம் பறந்துவந்து விழுந்தது. அப்பா அதைக் கூரை போன சமையல் குசினிக்கு மேல் அடித்தார். பிள்ளை பெற்று நாலே நாளான அம்மா அங்கேதான் படுத்திருந்தார். மறுநாள் அயல்வீட்டு அந்தோனி மாமா தன் தகரத்தைத் தேடி வந்து நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கடையோ அண்ணை? இப்பவே கழட்டித் தாறன்,” என்று அப்பா ஏணியை எடுத்தார்.

“வேண்டாம், பச்சைப்பிள்ளை நனையும். நாங்கள் மாதா கோயிலுக்க படுப்பம்.”

மழை விடும்வரை அவர்கள் குடும்பமாக அங்கேயே படுத்தார்கள். பிறகு அப்பா தகரத்தைக் கழற்றி, ஆணி ஓட்டைகளுக்குத் தார் பூசி, மாமா வீட்டுக்குத் தானே அடித்துக் கொடுத்தார்.

“தம்பி, இறங்கித் தேத்தண்ணி குடியுங்கோ,” என்று இப்போது நான் கூரை அடிக்கும் வீட்டுக்கார அக்கா கீழிருந்து கூப்பிட்டார்.

கடல்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. “இதை முடிச்சிட்டு வாறன் அக்கா,” என்றேன்.