நாற்பத்திரண்டு துண்டுச்சீட்டுகள்

எங்கள் கல்லூரியில் அவருக்குப் பெயர் துண்டுச்சீட்டு மேடம். பத்தொன்பது வருடமாக இலக்கியம் நடத்தினார். நான் பக்கத்து மேசை, வரலாறு. புதுக்கவிதையோ நாடகமோ, அவராக அர்த்தம் சொல்லவே மாட்டார். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுப்பார். தோன்றியதைப் பெயர் போடாமல் எழுதி சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார், வகுப்பு அடித்துக்கொள்ளும். யார் எழுதியது என்று கேட்டதே இல்லை. "நானே அர்த்தம் சொல்லிட்டா உங்க மூளையை என்ன பண்றது, அடகு வைக்கிறதா?" என்பார். எனக்குப் பொறாமைதான். என் வகுப்பில் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

அந்த வாரம் ஒரு நாடகம். மேடையில் ஒரு நாற்காலி. யாரும் வந்து உட்காருவதில்லை. ஆனாலும் எல்லோரும் அதற்குப் பயந்து கைகட்டி நிற்கிறார்கள். உட்கார வேண்டியவர் யார்? கடவுள் என்றது ஒரு சீட்டு. எங்கப்பா என்றது இன்னொன்று. சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்ததைப் பிரித்து, வழக்கம்போல முன்கூட்டிப் பார்க்காமல் படித்துவிட்டார்: "நம் தாளாளர். ஆய்வகம் ஏன் தீப்பிடித்தது என்று கேட்ட சீனியர் அண்ணன் எங்கே?"

அந்தப் பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

மறுநாள் அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு நடுவயது ஆள் உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம் இல்லை. மதியம் தாளாளரிடமிருந்து உத்தரவு வந்தது: நாளை காலை பத்து மணிக்குள் எல்லாச் சீட்டுகளும், கூடவே மாணவர்களின் தேர்வுத்தாள்களும் வர வேண்டும். எழுத்தை ஒப்பிடப் போகிறார்கள்.

அந்தச் சீட்டை மேடம் என்னிடம் காட்டினார். முதல் பெஞ்சு, இரட்டைப் பின்னல் பெண். என் வகுப்பிலும் படிப்பவள், தெரியாத எழுத்தா!

"கிழிச்சுப் போடுங்க மேடம்."

"கிழிச்சா நாற்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டு உலுக்குவாங்க சார்."

சாயங்காலம் வரை உட்கார்ந்து நாற்பத்திரண்டையும் தன் கையாலேயே எழுதினார். பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தியும் விட்டார், பழக்கதோஷம். பழைய சீட்டுகள் கழிப்பறைத் தண்ணீரோடு போயின.

காலையில் தாளாளர் அறை வாசல் வரை துணைக்குப் போனேன்.

"எல்லாம் உங்க எழுத்தா இருக்கே?"

"ஆமா சார். எப்பவும் நானே எழுதி வச்சுப் படிப்பேன். பிள்ளைங்க பேசணுமே."

"அப்ப இதுவும் நீங்க எழுதினதுதான்?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. இனி வேற யாரையும் விசாரிக்க வேண்டாம்." குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. மேடத்துக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது.

அதற்கு அடுத்த நாள் இலக்கிய வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அவர் வீட்டுக்குப் போன் செய்திருந்தேன். தம்பி எடுத்து, "அக்கா இன்னும் வீட்டுக்கு வரல சார், உங்ககூட இல்லையா?" என்று என்னையே கேட்டார்.

கடைசி பெஞ்சு ஆள் அப்படியே இருந்தார். நான் புத்தகத்தைத் திறக்கும் முன்பே இரட்டைப் பின்னல் எழுந்தாள்.

"மேடம் எங்க சார்?"

அந்த ஆள் முதன்முறையாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உட்காரு! பாடத்தைப் பாரு!" என்று கத்தினேன். உட்கார்ந்தாள். அவளைக் காப்பாற்றத்தான் கத்தினேன் என்று வீட்டில் சொன்னேன். "அவளையா?" என்று கேட்டாள் என் மனைவி.