முள் பிடுங்கிய கரை

புத்தளத்தில் நாங்கள் இருந்த கொட்டில் வரிசையில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு காணி இருந்தது. பேச்சில் இருந்த காணிதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முசலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டவர்கள், பின்னேரத் தேநீரைக் குடித்துக்கொண்டே தங்கள் காணிகளுக்குப் போய் வருவார்கள். வாப்பாவின் காணி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டு போனது. நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது அதில் சில தென்னைகள் நின்றன. நாலாம் வகுப்புக்கு வந்தபோது அது தென்னந்தோப்பாகிவிட்டது. உம்மா மட்டும் அந்தப் பேச்சில் சேரமாட்டா. யாராவது ஓடைக்கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பா.

சண்டை முடிந்து, மிதிவெடி அகற்றியவர்களும் தங்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, நாங்கள் ஒரு லொறியில் ஊருக்குத் திரும்பினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சிலாவத்துறையைத் தாண்டிச் செம்மண் பாதையில் கொஞ்சத் தூரம் போனதும் வாப்பா லொறியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். முன்னால் தென்னையும் இல்லை, வீடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் முள். சீமைக்கருவேல் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் வெறும் முள் என்றுதான் சொல்வார்கள். அதன் இடைவெளிகளையெல்லாம் நாயுண்ணிப் பற்றை பின்னி அடைத்திருந்தது. காணி வளர்ந்துதான் இருந்தது, வாப்பா சொன்ன மாதிரி இல்லை.

"இதுதானா வாப்பா?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளதான்" என்றார்.

அந்த முள்ளோடு மல்லுக்கட்டினவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். வெட்டினால் சாகாது. ஒரு கொப்பை வெட்டினால் அந்த இடத்தில் கைவிரல்கள் மாதிரி ஒரு கொத்துத் தளிர் வரும். காய்களை ஆடு தின்றால் ஆடு போகிற இடமெல்லாம் முளைக்கும். வேரோடு கிளப்பினால்தான் உண்டு. வேரோ ஆள் ஆழத்துக்கு மேல் போயிருக்கும். வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் கத்தி, கோடாலி, அலவாங்கு என்று விடியத் தொடங்கி வெயில் ஏறும் வரை வெட்டுவார்கள். மத்தியானம் உம்மா ஊசியை நெருப்பில் காட்டி இரண்டு பேரின் கையிலும் காலிலும் முள் எடுப்பா. முள் ஏறிய இடம் வீங்கிச் சாச்சா ஒரு முறை காய்ச்சலில் கிடந்தார். ஆனாலும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தது. தகரத்தால் ஒரு கொட்டில் போட்டோம்.

எங்கள் காணி ஊரின் கடைசிக் காணி. கொட்டிலுக்குப் பின்னால் நிலம் சட்டென்று இறங்கி, ஏணி வைத்தால்தான் இறங்கலாம் போன்ற சரிவாக ஓடைக்குப் போகும். அந்தச் சரிவில் முள் மற்ற இடத்தை விட அடர்த்தி. நின்று வெட்டக் கால் நிலைக்காது. அதனால் அதை யாரும் தொடவில்லை. தொடாமலே விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், அந்த அதிகாரி வராமல் இருந்திருந்தால்.

அவர் காட்டு இலாகாக் கந்தோரிலிருந்து ஜீப்பில் வந்தார். கூடவே அவருடைய சிங்களத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு இளைஞனும் வந்தான். காட்டுக்கும் ஊருக்கும் எல்லை போடுகிறார்களாம். கிணறோ வீட்டு அத்திவாரமோ இருக்கிற இடம் ஊர், மற்றதெல்லாம் காடு. மேட்டில் இருந்தவர்களுக்குப் பழைய கிணற்றுக்கட்டுகள் சாட்சி சொல்லின. எங்கள் வீடு மண்சுவர் வீடு. அது மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. தண்ணீரும் ஊர்க் கிணற்றில்தான் அள்ளியிருக்கிறார்கள். அதிகாரி கொட்டிலுக்கு முன்னால் ஒரு தடியை ஊன்றச் சொன்னார். அதற்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம், எங்கள் கொட்டில் உட்பட, காடு.

"மாத்தயா, இது காடில்ல, முள்ளு. நாங்க இல்லாத நேரம் வந்த முள்ளு" என்றார் வாப்பா.

அதிகாரி ஒரு மரத்தின் அடியைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். இளைஞன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மரம் இருக்குது, ஆள் இருந்ததுக்கு அடையாளம் இல்லையாம். நீங்க ஏதாவது காட்டினாப் பாப்பாராம். அடுத்த கிழமை திரும்ப வருவார்."

வாப்பா சரிவுப் பக்கம் பார்த்தார். பிறகு, "இருக்கு. காட்டுறன்" என்றார்.

ஜீப் போனதும் உம்மா கொட்டிலுக்கு வெளியே வந்தா. அவவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"வேணாம். அவளச் சாட்சிக்கு இழுக்காதீங்கோ" என்றா.

"வேற என்ன இருக்கு சொல்லு? இதையும் விட்டுட்டுத் திரும்ப எங்க போறது?"

"எங்கயாவது போவம். அவள் கிடக்கிற இடத்தில கிடக்கட்டும்."

"விட்டா அந்தப் பக்கம் காடெண்டு போயிரும். பிறகு உன்னால அங்க போய் நிக்கக்கூட ஏலாது. அதை யோசிச்சியா?"

உம்மா கொட்டிலுக்குள் திரும்பிப் போனா. அதற்குப் பிறகு வாப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டா.

வீட்டில் 'அவள்' என்று சொல்ல என்னைத் தவிர வேறு பெண்பிள்ளை இல்லை. ஆகவே அதிகாரியின் முன்னால் சாட்சி சொல்லப் போவது நான்தான் என்று முடிவு செய்தேன். உம்மா என் மேல் உள்ள பாசத்தில் மறிக்கிறா என்றும் எண்ணிக்கொண்டேன். பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. என் பெயர், வாப்பாவின் பெயர், ஊரின் பெயர் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்லப் பழகினேன்.

விஷயம் வேறு. எனக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நாற்பது நாளைக்கூடக் காணாமல் மௌத்தாகிவிட்டாள். ஊர் மையவாடி ஓடைக்கு அப்பால் இருந்தது. அந்த மாரியில் ஓடை பெருக்கெடுத்து ஓடியதால் பிள்ளையின் ஜனாஸாவைக் கொண்டு கடக்க முடியவில்லை. எங்கள் காணிச் சரிவிலேயே அடக்கினார்கள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். அடுத்த மாரி வருவதற்கு முன்னே ஊரே வெளியேற்றப்பட்டது. இதையெல்லாம் எனக்குக் கலியாணமாகி, முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் உம்மா சொன்னா. அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

சாச்சா எங்கிருந்தோ ஒரு உழவு மெசின் கொண்டுவந்தார். அதை மேட்டில் நிறுத்தி, நீளச் சங்கிலியைச் சரிவுக்கு இறக்கினார்கள். வாப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே தொங்கியபடி ஒவ்வொரு முள்ளின் அடியிலும் சங்கிலியைச் சுற்றுவார். அவர் ஒதுங்கிக்கொண்டு கையைக் காட்ட, சாச்சா மெசினை முன்னுக்கு எடுப்பார். சங்கிலி இறுகும். மரம் முதலில் அசையாது. பிறகு நிலத்துக்குள்ளே எதுவோ கிழிகிற சத்தம் கேட்கும். செம்மண் பெரிய பெரிய கட்டியாகப் பெயர்ந்து ஓடைக்குள் உருள, வேர் பாம்புக்கூட்டம் மாதிரி மேலே வரும். எனக்கு அது கார்னிவல் பார்ப்பது போல இருந்தது. கைதட்டினேன். உம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனா.

"அடிக்கட்டைய விட்டுட்டு மேல மட்டும் வெட்டலாம்தானே? இப்பிடிக் கிண்டினாக் கரை நிக்குமா?" என்று சாச்சாவிடம் கேட்டா. வாப்பாவுக்குக் கேட்கும்படி சாச்சாவிடம் கேட்டா.

"கட்டை நிண்டா அதையும் மரமெண்டு சொல்லுவாங்க மதினி" என்றார் சாச்சா. வாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு அடுத்த மரத்துக்கு இறங்கினார்.

ஒரு நாள் பின்னேரம் மெசின் சத்தம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். பாதிச் சரிவில் வாப்பா மண்டியிட்டு இருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு கற்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் என் கை நீளம்கூட இல்லை. எல்லைக் கற்களை ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட நாட்டி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். சாச்சா தொழுகைத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். என்னை வரவேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அதிகாரி வந்த நாளில் நான் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் என்னைக் கடந்து போனார். வாப்பா அவருக்குக் கை கொடுத்துச் சரிவில் இறக்கினார். வாப்பா கற்களைக் காட்டி ஏதோ சொன்னார். இளைஞன் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்தி, திரும்பவும் சொன்னான். அதிகாரி குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மேலே வந்ததும் கொட்டிலுக்கு முன்னால் நின்ற தடியைத் தானே பிடுங்கினார். அதைச் சரிவின் அடியில், ஓடையோரமாகக் கொண்டுபோய் ஊன்றச் சொன்னார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதேன்.

காணி எங்களுக்கு என்றாகிவிட்டது. சாச்சா சந்தோஷத்தில் சிலாவத்துறைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்தார். உம்மா சமைத்துப் போட்டா. தான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு உம்மாவுக்கு ஒரு புது வேலை வந்தது. வெட்டிக் குவித்திருந்த முள்ளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்துபோய், மொட்டையாகக் கிடந்த சரிவில் பரப்பினா. பிடுங்கின முள்ளைத் திரும்ப ஏன் கொண்டுபோய்ப் போடுகிறா என்று கேட்டேன். "ஆடு ஏறும்" என்றா. எங்களிடம் ஆடு இல்லை. முளைத்து வந்த தளிர்களைக்கூட அவ பிடுங்கவிடவில்லை. அவை விரல் நீளத்துக்கு வளரும் முன்னே மாரி வந்துவிட்டது.

அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்யவில்லை. தகரத்தின் மேல் நாள்கணக்காகக் கொட்டியது. ஒரு காலையில் மழை ஓய்ந்திருந்தது. பல் விளக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். சரிவு இருந்த இடத்தில் பச்சை மண் சுவர் மாதிரி ஒரு வெட்டு. கரை முழுதாக இறங்கி ஓடைக்குள் கிடந்தது. ஓடை செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முள்ளும் இல்லை, கல்லும் இல்லை. முதல் தடவையாகக் கொட்டிலிலிருந்தே தண்ணீர் தெரிந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளித் தடவிப் பார்த்தார். அதை விட்டுவிட்டு ஒரு எட்டுத் தள்ளிப் போய்த் திரும்பவும் அள்ளினார். உடுத்திருந்த சாரன் தண்ணீரில் ஊதிக்கொண்டு மிதந்தது.

"என்ன வாப்பா தேடுறீங்க?" என்று மேலே இருந்து கத்தினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மண்வெட்டி" என்றார்.

மண்வெட்டியைக் கொட்டிலின் பக்கத்தில் சாத்தி வைத்திருந்ததை நான் சற்று முன்னர்தான் கண்டிருந்தேன். ஓடிப்போய் எடுத்தேன். அது எனக்குப் பெரிய பாரம். சேற்றில் வழுக்கி வழுக்கி, சரிந்த மண்ணின் ஓரமாக இறங்கி, அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"வாப்பா! இஞ்ச இருக்கு! ஒண்டும் தொலையேல்ல!"

வாப்பா நகரவில்லை. கையிலிருந்து சேறு வடிந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. உம்மா வந்து மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கரையில் கிடத்தினா. சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வாப்பாவின் பக்கத்தில் போய் நின்றா.

"இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்றா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல."

இரண்டு பேரும் குனிந்தார்கள். கோபம் தீர்ந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் மண்வெட்டிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் தேடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. அதை இரண்டு தரம் கத்திச் சொல்லியும் பார்த்தேன்.