கசப்பு குறைந்த நிலவேம்பு

வடக்கே தேஹு ரோடு ராணுவ டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் பெட்டி தூக்கி ஓய்வு பெற்ற துரைசாமிக்குச் சொத்தென்று மிஞ்சியது ஒரு சொல்தான். "யூரியா ஒரு மணிகூட விழாது, வைத்தியரே." அவர் வீட்டில் வளர்க்கும் நிலவேம்பை வாங்கிக்கொள்ளும், பக்கத்து நிக்டியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் பத்ரிநாத்துக்குக் கொடுத்த சொல் அது. யூரியா போட்டால் நிலவேம்பு மளமளவென்று வளரும், இலை பெருக்கும், கசப்பு குறைந்துபோகும். கசப்பில்தானே மருந்தே இருக்கிறது! முதல் வருஷம் பத்ரிநாத் கட்டுக்கு ஓர் இலை கிள்ளி மென்று பார்த்துத்தான் வாங்கினார். அப்புறம் மெல்லுவதையே விட்டுவிட்டார். துரைசாமி கட்டு என்றால் நேரே உள்ளே போகும்.

இந்த வருஷம் அம்பாசமுத்திரத்தில் பெரிய அத்தை தவறிப்போனாள். அவர் அப்பாவோடு பிறந்த ஐந்து பேரில் கடைசியாக இருந்தவள். பதினாறு கழிந்து, பத்திர வேலையும் சேர்ந்துகொள்ள, துரைசாமி திரும்ப இரண்டு மாதமாயிற்று. அதுவரை வீட்டுக்குப் பின்னால் இருந்த செடிகளை மச்சினன் ஜெகதீசன்தான் பார்த்துக்கொண்டான். மனைவி மரியம்மாளின் கடைக்குட்டித் தம்பி. பத்து வயதில் கூட்டிவந்து, படிக்கவைத்து, டிப்போவில் காண்ட்ராக்ட் வேலையும் வாங்கிக்கொடுத்தவர் துரைசாமி.

வந்து பார்த்தால் செடி இடுப்பளவு. இலை கரும்பச்சை.

"பெத்த பிள்ளகூட இப்படிப் பாக்காதுலே!" என்று தெருவே கேட்கச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வாவைப் பொட்டலத்தோடு அவன் கையில் கொடுத்தார். மரியம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

முதல் கட்டை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து நிக்டிக்குக் கொண்டுபோனார். பத்ரிநாத் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கே, அண்ணா," என்று இந்தியில் இழுத்தவர், ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். முன்பெல்லாம் மென்றவுடன் தண்ணீர்ச் செம்புக்குப் பறக்கும் கை, அசையாமல் மேஜைமேல் கிடந்தது.

"நீங்களே மென்னு பாருங்க."

துரைசாமி மென்றார். நாக்கைத் தொட்டதோடு சரி. கசப்பு தொண்டைக்கு இறங்கவில்லை.

கட்டோடு வீடு திரும்பி ஜெகதீசனைப் பிடித்தார். "என்னத்தலே போட்ட?"

"ஓவர்டைம் அத்தான். பத்துப் பதினஞ்சு நாளு தண்ணி ஊத்தல. செடி மஞ்சளாப் போச்சு. வந்து வைவியளேன்னு யூரியா போட்டேன்."

"அல்வாவ வாங்கும்போது வாய்ல என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவன் அக்காளைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் துரைசாமிக்கு விளங்கியது.

"ஒனக்கும் தெரியுமா?"

"நீங்க வந்த அன்னைக்கே சொன்னான்," என்றாள் மரியம்மாள். "வைத்தியரு இப்பல்லாம் மென்னு பாக்கதே இல்லன்னு நீங்கதான சொன்னிய? அந்தத் தைரியத்துலதான் பேசாம இருந்தேன்."

சொன்னது அவர்தான். போன பொங்கலன்று, இதே அடுப்படியில், அவ்வளவு பெருமையாக.

மறுநாள் விடிந்ததும் ஒற்றை ஆளாகச் செடியைப் பிடுங்கத் தொடங்கினார். ஜெகதீசன் மண்வெட்டியோடு வந்து வேலியோரம் நின்றான். துரைசாமி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த விளைச்சலைக் கொண்டுவரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார் பத்ரிநாத். முதல் வருஷம் மாதிரியே கட்டுக்குக் கட்டு மென்று பார்த்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.