பரிசைக்குப் பிந்திப் போன கடலை வண்டி

கெம்பம்மாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். ஆனால் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். நானோ யாரைப் பற்றியும் நல்லது சொல்லிப் பழக்கப்படாதவன். “நாராயணப்பன் வாயில் விழாதே” என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். அவள் என் அண்ணன் சென்னப்பனின் மனைவி. தளிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். பிறந்த வீட்டில் கன்னடம், கடைகண்ணியில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று மூன்று பாஷை தெரியும். மூன்றிலும் பேச்சு கொஞ்சம்தான்.

எங்கள் ஊர் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி. ஐம்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதம் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். கிணற்றோடு சேர்ந்த இரண்டு ஏக்கர் நிலம், என் நிலத்தை ஒட்டினாற்போல. அந்தக் கிணற்றின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது, மறைப்பானேன்? ஒரு பொம்பளை தனியாக நிலத்தைக் கட்டி ஆள முடியுமா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அவள் அடுத்த வருடம் அந்த நிலத்தில் கடலை போட்டாள். கொத்துக்கொத்தாகக் காய்த்தது. அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அண்ணன் வீட்டுக் கடலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் மற்றவர்கள் ஓசூர் செக்குக்காரரிடம் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருப்பார்கள். அண்ணன் மட்டும் பெங்களூருக்கு வண்டி கட்டுவான். அங்கே பசவனகுடியில், பெரிய நந்தி கோயில் வாசலில், கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய்ப் பரிசை என்று ஒரு சந்தை கூடும். முதல் படியை நந்திக்குக் கொட்டிவிட்டு மிச்சத்தை விற்க வேண்டும். அதுவரை வீட்டில் ஒரு காய்கூட யாரும் வாயில் போடக் கூடாது. அண்ணன் இறந்த வருடம் தீட்டு என்று வண்டி போகவில்லை. இந்த வருடம் நானே போகிறேன் என்றாள் அண்ணி.

ஊர்ப் பெரியவர் கோவிந்தப்பன் முன்னால் நான் ஒற்றைக் காலில் நின்றேன். போகட்டும், எட்டு மூட்டையையும் விற்றுவிட்டு வரட்டும், ஒரு மூட்டை திரும்பி வந்தாலும் தை மாதத்திலிருந்து அந்த நிலத்தை நான்தான் உழுவேன் என்றேன். பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். வண்டியோட்ட ஆம்பளை வேண்டுமே, நானே வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். அவள் தோற்பதைக் கிட்ட இருந்து பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

தேதியைச் சொன்னதும் நான்தான். ஓசூர் மளிகைக் கடையில் மாட்டியிருந்த மெட்ராஸ் காலண்டரைப் புரட்டி, கார்த்திகைக் கடைசித் திங்கள் டிசம்பர் பதிமூன்று என்று பார்த்து வந்தேன். அண்ணி தயங்கினாள். தீபாவளிக்கு அடுத்த அமாவாசைக்குள்ளேயே வந்துவிடுமே, உங்கள் அண்ணன் பனி இறங்குவதற்கு முன்னாலேயே போய் வந்துவிடுவாரே என்றாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவள் எனக்குக் கணக்குச் சொல்வதா என்று சீறினேன். அச்சடித்த காலண்டர் பொய் சொல்லுமா? அவள் மூட்டைகளைத் தைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எட்டு மூட்டை, ஒரு இரும்புச் சட்டி, கேழ்வரகு மாவு, மாட்டுக்கு வைக்கோல். குழந்தைகளை என் மனைவியிடம் விட்டாயிற்று. இரண்டு மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு வந்து, ஒரு காபிக் கடை முன்னால் மாட்டை அவிழ்த்தோம். எங்கே பயணம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பரிசை முடிந்து மூன்று வாரம் ஆயிற்றாம். கன்னடக்காரர்களுக்குக் கார்த்திகை சந்திரனை வைத்து வருவது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிறந்து அடுத்த அமாவாசையோடு போய்விடும். நமக்கோ அது சூரியனை வைத்து, பிந்திப் பிறந்து பிந்தி முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். படித்த கழுதை எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்ததில்லை.

ஊருக்குத் திரும்பிவிடலாம் அண்ணி என்றேன், குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“திரும்பிப் போனா நெறஞ்ச மூட்டையோட தான போவணும்? முன்னால போனா ஒண்ணாச்சும் கொறையும். ஓட்டு தம்பி.”

மறுநாள் காலை லால்பாக் தோட்டத்தைத் தாண்டிப் பசவனகுடிக்குள் நுழைந்தோம். கூட்டத்தையும் புழுதியையும் எதிர்பார்த்து வந்த எனக்கு மூச்சே நின்றது. அடேயப்பா, அப்படி ஒரு ஊரா! கயிறு கட்டிப் பிடித்தாற்போல நேரான ரோடு. நாலு வண்டி ஒன்றாகப் போகலாம். இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கை கோத்து நின்றன. வெயில் தரையில் சில்லறை இறைத்தாற்போலத்தான் விழுந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மதில், இரும்புக் கேட், கேட்டில் வீட்டுக்காரர் பெயர். உள்ளே செம்பருத்தியும் குரோட்டன் செடியும். வாசலில் கோலம், கோலத்துக்குப் பின்னால் முகம் தெரிகிற மாதிரி சிவப்புத் தரை. எங்கேயோ வறுத்த காபிக் கொட்டையை அரைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஆபீசர்கள் சைக்கிளில் போனார்கள். இரட்டைப் பின்னல் போட்ட பெண் பிள்ளைகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடந்தார்கள். குப்பை அள்ளுகிறவர்கள் வந்துபோக வீடுகளுக்குப் பின்னால் தனியாக ஒரு சந்து. குப்பைக்கே தனி ரோடு போட்டிருக்கிறான் பார் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். எச்சில் துப்பக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி முதலில் நந்தி கோயிலுக்குப் போனாள். ஒரே கல்லில் அடித்த நந்தி, எங்கள் வீட்டைவிட உயரம். கோயில் காலியாகக் கிடந்தது. முதல் படிக் கடலையை அதன் காலடியில் கொட்டிக் கும்பிட்டாள். அங்கே பூ விற்ற அம்மாள், இவ்வளவு லேட்டாகவா என்று கேட்டதற்கு, சாமி இங்கேயேதானே இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் வேலை. சத்தம் போட்டுக் கூவு அண்ணி, வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்றேன். மாட்டேன் என்றாள். இந்த ரோட்டில் கூவினால் அடுத்தவர் கூடத்துக்குள் போய்க் கத்துகிற மாதிரி இருக்குமாம். கூடையோடு கேட் கேட்டாகப் போய் நின்றாள். நாய் குரைத்ததே தவிர மதியம் வரை பத்து வீடு தேறவில்லை. நான் வண்டியில் சாய்ந்துகொண்டு, தை உழவுக்கு எந்த மாட்டைப் பூட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திருப்பத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் நம்ம கிருஷ்ணகிரி ஆள், ஃபக்ருதீன். அண்ணி அவரிடம் போய் இரண்டு சட்டி ஆற்று மணல் கேட்டாள். அவரும் அள்ளிக்கொள்ளுங்கம்மா என்றார். மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிக் காய வைத்து, கடலையைப் போட்டு வறுத்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அந்த வாசனை அத்தனை நேரான ரோட்டில் தங்குதடை இல்லாமல் போயிற்று. முதலில் பிள்ளைகள் வந்தன. பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். மாலை உலாத்த வந்த பெரிய மனிதர்கள் கைத்தடியை ஊன்றி நின்றார்கள். வறுத்ததை அவள் சும்மா கையில் கொடுத்தாள். பச்சைக் கடலையைத்தான் படி போட்டு விற்றாள். பரிசைக் கூட்டத்தில் இடிபட முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாமார் எத்தனை பேர் என்கிறீர்கள்! வீட்டுக்கு இரண்டு படி, மூன்று படி என்று வாங்கினார்கள். மறுநாள் அடுத்த ரோடு, அதே மணல், அதே சட்டி. ஒரு போலீஸ்காரர் வந்து வண்டியை எடு என்று அதட்டினார். வண்டியைப் பின்சந்துக்குள் விட்டோம். சமையல்கட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான் திறக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கே இன்னும் நன்றாக விற்றது.

புதன்கிழமை மதியம் ஒரு மூட்டை மிச்சம். வைக்கோல் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் தங்க வழியில்லை. வெறுங்காலோடு நடந்து நடந்து அண்ணியின் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. தெருக்குழாயில் காலைக் கழுவிவிட்டு வந்து, இருந்த மாவில் களி கிண்டினாள். எனக்கு இரண்டு உருண்டை வைத்தாள். தனக்கு ஒன்று. மூன்று நாளும் அப்படித்தான் வைத்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. கையில் எடுத்த உருண்டையைத் திரும்ப வைத்துவிட்டேன். இவள் நிலத்தைப் பிடுங்கக் காத்துக்கொண்டு, இவள் கையாலேயே தின்றுகொண்டிருக்கிறேனே, சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். கூடையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டேன். நான் தலையில் கூடை சுமந்ததை எங்கள் ஊரில் எவனும் பார்த்ததில்லை. என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டு ஒரு வீட்டில் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே நாலு படி வாங்கினார்கள். ஒரு வக்கீல் வீட்டு அம்மாள், அந்த மர நிழலில் வறுப்பது உன் அக்காவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொழுது சாய்வதற்குள் கடைசி மூட்டையை உதறி மடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஊருக்குள் நுழைந்தபோது, பரிசை எப்போதோ முடிந்துபோன சங்கதி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஓசூர் பஸ் கண்டக்டர் யாரோ சொல்லியிருக்கிறான். நிலத்துக்கு ஆசைப்பட்டுத் தாலியறுத்தவளை வேண்டுமென்றே தப்பான நாளில் கூட்டிப்போனான் என்று என்னைப் பற்றிப் பேச்சு. கோவிந்தப்பன் வண்டியை நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும், தேதியைச் சொன்னது யார் என்று அண்ணியைக் கேட்டார்.

“யாரு சொன்னா என்னங்க? மூட்டை காலியாச்சில்ல. பரிசைக்குப் போயிருந்தா நூறு வண்டில என்னுதும் ஒண்ணு. இப்ப என் வண்டி மட்டும்தான இருந்துது” என்றாள்.

அத்தோடு நான் தப்பித்திருக்கலாம். காலி மூட்டைகளைப் பார்த்துப் பெரியவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, தேதி சொன்னது நான்தான், தெரியாமல் சொன்னது, நிலம் அண்ணியுடையது, நான் இனி அதில் கால் வைக்க மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. அவள் பக்கம் திரும்பினேன்.

“அண்ணி, பரிசை முடிஞ்சிடுச்சுன்னு அத்திப்பள்ளில கேட்டப்ப, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துது.”

“தெரியும் தம்பி” என்றாள் அவள். “ஒன் மூஞ்சில அதைப் பாத்துட்டுத்தான் வண்டியத் திருப்ப வேணாம்னேன்.”

அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. என்ன செய்வதென்று தெரியாமல், ஊர் பார்க்க, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.