சிங்கம்புணரிக் கயிற்று ஆலையில் ஒரு வகுப்பு

மகளை டிப்ளமோவில் சேர்க்க இந்த ஜூன் மாதம் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார்கள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு மெஷின் நின்றால் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்டால் காபி வந்தது. காரைக்குடியில் பாலிடெக்னிக் ஆசிரியையாக இருக்கும் என் தோழி கவிதாவிடம் போனில் புலம்பினேன். "வெள்ளிக்கிழமை வா. கடைசி வருசப் பரீட்ச முடிச்ச பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய போறேன், நீயே பாரு" என்றாள்.

காலை ஏழரைக்குக் காரைக்குடியில் பஸ் ஏறினோம். திருப்பத்தூரில் மாறி சிங்கம்புணரி சேர ஒன்பது ஆகிவிட்டது. சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் உளுந்து வடை சூடாக இருந்தது, சட்னியை நம்பாதீர்கள்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய கயிற்று ஆலை. புதிதாக வாங்கிய கயிறு திரிக்கும் மெஷின் அடிக்கடி தானாக நின்றது. தேங்காய் நார் நுழையும் வாய்க்குள் கை போனால் நிறுத்துவதற்கென்று அதில் ஒரு சென்சார் உண்டு. கை போகாமலே அது நிறுத்தியது. இதைச் சரிசெய்தால் நஸ்ரீன் என்ற மாணவிக்கு வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தினமும் வீடு திரும்பும் தூரத்தில் வேலை கிடைத்தால்தான் அனுப்புவேன் என்பது அவள் அத்தாவின், அதாவது அப்பாவின், கண்டிப்பு. காரைக்குடிப் பக்கம் அவள் கேட்டுப் பார்த்த இடமெல்லாம் கை விரித்துவிட்டது.

மாணவர்கள் மெஷின் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள், சென்சாரைத் துடைத்தார்கள், காய்ந்த நாரைக் கொடுத்து ஓட்டினார்கள். அருமையாக ஓடியது. ஆலை ஆட்களிடம் விட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி நின்று கிடந்தது. இரண்டாம் முறையும் அதே கதை.

முதலாளி பொறுமை இழந்தார். "அந்த சென்சார கழட்டி விட்ருங்கம்மா. ஓடிட்டுப் போகட்டும்."

"கழட்டுனா இந்த அக்கா கை உள்ள போனாலும் நிக்காது சார். நான் கழட்ட மாட்டேன்" என்றாள் நஸ்ரீன். நார் கொடுக்கும் செல்வி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப வேலைக்கு வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் முதலாளி. கழட்டித் தொலையேன் பெண்ணே என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

நஸ்ரீன் செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே செய்யுங்கக்கா" என்றாள். செல்வி வாளியை இழுத்து வைத்து நாரில் தண்ணீர் தெளித்தார். ஈரமில்லாவிட்டால் நார் சரியாகத் திரியாதாம். நாலாவது தெளிப்பில் மெஷின் நின்றது. சென்சார் கண்ணில் ஒரு துளி.

"மிஸ், நாம தண்ணியத் தள்ளி வச்சிட்டுல்ல சோதிச்சோம்" என்றாள் நஸ்ரீன். மின்சாரம் உள்ள இடத்தில் ஈரம் கூடாது என்று லேபில் பழகிய நல்ல பழக்கம் அது. கவிதாவே தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, சென்சாருக்கு மேலே கூரை போல வளைத்து மாட்டினார்கள். செல்வி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தும் மதியச் சாப்பாடு வரை மெஷின் நிற்கவில்லை. அப்புறம் நஸ்ரீனே ஒரு குச்சியை நார் நுழையும் வாய்க்குள் நீட்டினாள். உடனே நின்றது.

முதலாளி அந்தக் குச்சியை வாங்கித் தானும் ஒரு தடவை நீட்டிப் பார்த்தார். "திங்கக்கெழமை வந்துரும்மா" என்றார்.

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடுகிறவர்கள் கம்ப்யூட்டர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மாணவர்களை எந்தப் பட்டறைக்கு, எந்த ஆலைக்கு அழைத்துப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் கூடவே ஒரு நாள் போய்ப் பாருங்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

சிங்கம்புணரி போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டு போங்கள், நார்த்தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசமும். காலை வேளையில் திருப்பத்தூரில் மாறும்போது உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். நஸ்ரீனுக்கு அந்தக் கவலை இல்லை. நாங்கள் கிளம்பும்போது செல்வி வாசல் வரை வந்து அவளிடம் சொன்னார்: "நானும் திருப்பத்தூர்லதான் ஏறுவேன். உனக்கும் பஸ்ல சீட் புடிச்சு வைக்கிறேன், பதறாம வா."